ஆயிரமாவது தலை

கதவுக்குப் பின்னால் தங்கை முனகும்போதெல்லாம் ஊராட்சித் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வாசலில் ஜீப் நின்றது. சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கடைசி நாள் அது. மாலை ஐந்து மணிக்கு யார் எந்த ஊரில் இருக்கிறார்களோ, அந்த ஊர்க் கணக்கில்தான் சேர்வார்கள். ஆயிரம் தலை இருந்தால் தனி ஊராட்சி. ஒரு தலை குறைந்தாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய ஊரோடு இணைத்துவிடுவார்கள். இணைத்தால் பள்ளிக்கூடம் போகும், சுகாதார நிலையம் போகும், ஊருக்கு இருக்கும் ஒரே நர்ஸும் போய்விடுவார்.

தன் காலத்தில் ஊர் கைவிட்டுப் போயிற்று என்ற பேச்சு வரக் கூடாது என்பதில் தலைவர் உறுதியாக இருந்தார்.

அதனால் ஒரு வாரமாக அவர் யாரையும் ஊரைத் தாண்ட விடவில்லை. சந்தைக்குப் போனவனைப் பாதி வழியில் மறித்துத் திருப்பினார். மாமியாரோடு சண்டை போட்டுப் பெட்டி கட்டிய ஒருத்தியிடம், கணக்கு முடிந்ததும் கோபித்துக்கொண்டு போ தாயே என்று கெஞ்சினார். ஊர் சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தனை செய்தும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுதான் வந்தது.

மிச்சம் ஒன்று தங்கையின் வயிற்றில் இருந்தது.

காலையிலேயே நர்ஸ் வெளியே வந்து சொல்லிவிட்டார்.

"ரத்தம் நிக்கல அண்ணே. அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம்."

அக்கரைக்குப் போனால் தாயும் பிள்ளையும் அக்கரைக் கணக்கு. ஐந்து அடித்ததும் தானே ஓட்டிக்கொண்டு போவதாகத் தலைவர் சொன்னார். நர்ஸ் விடவில்லை, மறுபடி மறுபடி வந்து கேட்டார். கடைசியில் தலைவர் தங்கையிடமே போய் நின்றார். அண்ணன் சொன்னால் சரிதான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை இருந்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பார். அவர் வெளிநாட்டில் வேலையில் இருந்தார்.

தலைப்பிரசவம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தலைவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சட்டைப்பையில் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நாற்காலி போட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவே கூடி நின்றது.

ஐந்து அடிக்கச் சற்று முன்னால் குழந்தை அழுதது.

யாரோ விசில் அடித்தார்கள். ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் ஜீப்பைத் திறந்து, தங்கை படுப்பதற்காகப் பின் சீட்டில் போர்வையை விரித்தார்.

கதவு திறந்தது. நர்ஸ் ஜீப்பைப் பார்க்கவில்லை. தலைவரையும் பார்க்கவில்லை.

ஆயிரம் என்று எழுதிவிடலாமா என்று கணக்கெடுக்க வந்தவர் கேட்டார்.

"எழுதாதீங்க," என்றார் நர்ஸ். "முன்னாடி இருந்த எண்ணிக்கையே இருக்கட்டும்."

தலைவர் கதவருகே போய்த் தங்கையைக் கூப்பிட்டார்.

பதிலுக்குக் குழந்தைதான் அழுதது.