குதிகால் ஆணி

ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ நடனம் ஆடும் ரெமேதியோஸின் காலணியில், குதிகாலுக்கு அடியில் ஒரு குட்டி ஆணி இருந்தது. மேடை ஏறும் முன் கிதார் அதைப் பார்த்துச் சிரித்தது.

"பாட்டுக்கு ஒருத்தர், ஆட்டத்துக்கு ஒருத்தி, தாளத்துக்குக் கைதட்டுறவங்க, அப்புறம் நான். இதுதான் ஃபிளமெங்கோ. இதுல நீ எங்கப்பா வர்றே?"

"வருவேன் அண்ணே, பாருங்க," என்றது ஆணி, அலட்டிக்கொள்ளாமல்.

ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் கிதாரின் தந்தி பட்டென்று அறுந்தது. கைதட்டியவர்கள் திகைத்து நிறுத்தினார்கள். கூட்டத்தில் சிலர் கிளம்ப எழுந்தே விட்டார்கள்.

பாடகர் கண்ணை மூடிக்கொண்டு, கிதார் இல்லாமலே பாடும் ஒரு பாட்டை எடுத்தார். அந்தக் காலத்திலிருந்தே ஜிப்சி கொல்லர்கள் உலைக்களத்தில் சம்மட்டி அடித்துக்கொண்டே பாடிவரும் பாட்டு அது. ஆணிக்கு உடம்பெல்லாம் சூடேறியது. ரெமேதியோஸ் குதிகாலை ஓங்கிப் பலகையில் இறக்கினாள். டங், டங் என்று அரங்கமே அதிர்ந்தது. ஓர் அடிகூடப் பிசகவில்லை. எழுந்தவர்கள் நின்றபடியே "ஓலே!" என்று கத்தினார்கள்.

கிதாரின் குரல் இறங்கிவிட்டது. "இந்தத் தாளத்தை எங்கே கத்துக்கிட்டே?"

"கத்துக்கவா? நான் பழுக்கக் காய்ஞ்சு கிடந்தப்போ, இந்தப் பாட்டைப் பாடித்தானே அண்ணே என்னை அடிச்சாங்க!"