இரவல் கால்கள்

ஐம்பதைத் தொட்டுவிட்ட என் கணவர் சம்பத் கோத்தகிரி மலைப்பாதையில் சைக்கிள் பந்தயத்தில் இருந்தார். நான் கோயமுத்தூரில் எங்கள் அடுக்குமாடியின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். என் கணுக்காலில் ஒரு பட்டை, அவர் கணுக்காலில் அதன் ஜோடி. நான் உழைத்தால் பலம் அவருக்குப் போய்விடும். வலி மட்டும் என்னிடமே தங்கும். பட்டையைக் கழற்றினால் அந்தப் பலம் அவரிடம் நிற்காது.

வேகம் கூட வேண்டுமென்றால் சைக்கிள் மட்டும் மிதித்தால் போதாது, வேறு பயிற்சிகளும் வேண்டும் என்று கோச் சொல்லியிருந்தார். நீச்சலும் தண்டாலும் என் தலையில் விழுந்தன. பிரேக்கை அழுத்திப் பிடிக்க விரலில் பலம் வேண்டுமாம், ரப்பர் பந்தையும் நானே பிசைந்தேன். இப்போதெல்லாம் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட அவருக்கு என் பலம்தான்.

காதில் மாட்டியிருந்த போனில் கத்தினார். "கோகிலா, ஏன் நின்னுட்ட? மேடு இன்னும் முடியல, ஏறு!"

"முட்டி கழண்டு போச்சுங்க."

"உன்ற முட்டிய வச்சு நான் என்ன பண்றது? ஏறுன்னா ஏறு!"

ஏறினேன். மலை உச்சியை அவர்தான் முதலில் தொட்டார். அங்கே தண்ணீர் கொடுத்த யாரோ, "இந்த வயசுல எப்படிங்க சார்?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"எல்லாம் சொந்த உழைப்புங்க" என்றார் சம்பத்.

இனி மேட்டுப்பாளையம் வரைக்கும் கொண்டை ஊசி வளைவுகள். நான் படியிலேயே உட்கார்ந்து, பட்டையின் கொக்கியில் விரலை வைத்தேன்.

"ஏனுங்க, இறக்கம் ஆரம்பிச்சிருச்சுங்களா?"