எண்ணெய் மேல் பழி

“நல்லது செஞ்சா இதுதான் மிச்சம்” என்றாள் பவானி.

காடாம்புலியூர் முந்திரிக் கம்பெனி ஒன்றில் அவள் மேற்பார்வையாளர். எதிரே நின்ற அமிர்தம் மீண்டும் அதையே சொன்னாள்.

“என்னத் திரும்பவும் கொட்ட ஒடைக்கிற எடத்துக்கே அனுப்பிடுங்க மேடம்.”

பவானிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொட்டை உடைப்பவர்கள் என்னதான் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டாலும், முந்திரி ஓட்டிலிருக்கும் எண்ணெய் தெறித்துத் தோலைப் பொசுக்கிவிடும். அமிர்தத்தின் கையிலும் கழுத்திலும் இருந்த கறுத்த புண்களைக் கண்டு மனம் பொறாமல், முதலாளியிடம் மன்றாடியல்லவா அவளைப் பருப்புத் தோல் உரிக்கும் கூடத்துக்கு மாற்றினாள்?

“அங்க யாராச்சும் எதாவது சொன்னாங்களா?”

“இல்ல மேடம். அவுங்க எல்லாம் நல்லவங்க.”

“வேல புடிக்கலியா?”

“ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து செய்யிற வேல. யாருக்குப் புடிக்காது?”

பருப்புக் கூடையை இறக்கிவைத்த மலிகா சிரித்தாள். “நெழல்ல ஒக்கார வெச்சா வெயிலுக்குப் போறேங்குது. இவளுக்காக நீங்க அலையுறீங்க பாருங்க, இந்தப் புழுக்கத்துலயும் முழுக்கை ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு. ஆபீஸ் ஸ்டைல் ஜாஸ்திதான் மேடம் உங்களுக்கு.”

“நீ போய் வேலயப் பாரு” என்று அவளை அனுப்பிவிட்டு, பவானி அமிர்தத்தின் பக்கம் திரும்பினாள். “காரணம் சொன்னாத்தான் மாத்துவேன்.”

மலிகா மறையும்வரை அமிர்தம் காத்திருந்தாள். பிறகு முந்தானையை விலக்கினாள். கழுத்தடியில் வட்டமாக ஒரு புதுப் புண்.

பவானி திகைத்தாள். “உரிக்கிற எடத்துல எண்ணெய் ஏதுடி?”

“அதத்தான் எல்லாரும் கேக்குறாங்க மேடம். நேத்து குமராட்சியிலேருந்து வந்த எங்கம்மாவும் கேட்டுச்சு. எங்கூட்டுக்காரரு பீடியால சுட்டதுன்னு எப்புடிச் சொல்லுவேன்? தங்கச்சிக்கு சிதம்பரத்துல மாப்ள பேசியிருக்காங்க. அக்கா வூட்டு விவகாரம் வெளிய வந்தா அந்தக் கல்யாணம் நின்னுடும். கொட்ட ஒடைச்ச வரைக்கும் எண்ணெய் மேல பழியப் போட்டுட்டு இருந்தேன்.”

இத்தனை நாளும் எண்ணெய்ப் புண்ணென்று நினைத்து மருந்து வாங்கிக் கொடுத்ததெல்லாம் பவானியின் நினைவுக்கு வந்தது. நல்லதென்று செய்தது எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று அவள் குழம்பினாள். ஆத்திரமும் வந்தது.

“இதப் பொறுத்துக்கிட்டுக் கெடக்கணும்னு என்ன தலையெழுத்து? கடலூர்ல மகளிர் ஸ்டேஷன் இருக்கு. கெளம்பு, நானே கூட வரேன்.”

மேசையில் கையை ஊன்றி எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஜாக்கெட்டின் கை மேலேறியது. மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல்கள் பதிந்த நீலக் கன்றல். சட்டென்று இழுத்து மூடிக்கொண்டாள்.

அமிர்தம் பார்த்துவிட்டாள். அவள் குரலில் ஏளனம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பே இருந்தது.

“நீங்க கொட்டையையே தொடுறதில்லையே மேடம். நீங்க எது மேல பழியப் போடுறீங்க?”