இறுகிப்போன ஸ்டியரிங்

“ஸ்டியரிங்காண்ணே இது? ஆட்டுக்கல்லு மாதிரில்ல இருக்கு. இத எப்படி மார்க்கையன்கோட்டையில இருந்து ஓட்டியாந்த?”

மெக்கானிக் லிங்கேஸ்வரன் இரண்டு கையாலும் ஒடித்துப் பார்த்துவிட்டுக் காரை விட்டு இறங்கினான்.

“மல்லுக்கட்டித்தான் வந்தேன்,” என்றார் ஒச்சாண்டி. இருபத்தெட்டு வருடம் வாழைத்தார் சுமந்த தோள் அவருடையது. அதற்கே வலி எடுத்திருந்தது.

“எப்ப வேணும்?”

“பத்தரைக்குள்ள.”

பத்தரைக்கு எமகண்டம்; அது முடிந்தால் உச்சி வெயில், பச்சைப்பிள்ளையை வெளியே எடுக்க மாட்டார்கள். அதற்குள் மகள் யுவராணி ஐந்து மாதப் பிள்ளையோடு வாசலைத் தாண்டிவிட வேண்டும். கம்பம் மெட்டு ஏறி, கட்டப்பனையில் இருக்கும் புருஷன் வீட்டுக்கு அவர்தான் கொண்டுபோய் விட வேண்டும். முகூர்த்த நாள் என்பதால் வாடகை வண்டி ஒன்றுகூடச் சும்மா இல்லை.

இன்று தவறினால் நாளை செவ்வாய், பெண்ணை அனுப்ப மாட்டார்கள். புதன் அஷ்டமி. வியாழன் நவமி. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண் படியிறங்கக் கூடாது. சனி பச்சைப்பிள்ளைக்கு ஆகாது. அப்புறம் ஞாயிறுதான். ஒச்சாண்டி நேற்றே காலண்டரில் விரல் வைத்துப் பார்த்துவிட்டார்.

லிங்கேஸ்வரன் முன் டயர் இரண்டிலும் காற்றைப் பார்த்தான். சரியாக இருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்தான். ஆட்டம் இல்லை.

“ஆயில் கொறஞ்சிருக்குமோ?” என்றார் ஒச்சாண்டி.

“இதுல ஏதுண்ணே ஆயிலு? இது கரண்டு மோட்டார்ல சுத்துறது. பேட்டரியும் நல்லாத்தான் இருக்கு.”

போன் அடித்தது. யுவராணி.

“சரியாயிருச்சாப்பா?”

“இன்னும் இல்லத்தா.”

“என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதா?”

“பாத்துக்கிட்டிருக்கான்.”

“ம். சரிப்பா.”

பத்து நிமிடத்தில் இது மூன்றாவது தடவை. ஒச்சாண்டி போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பெற்ற வீட்டை விட்டுப் போக இத்தனை அவசரமா? கொஞ்சங்கூடத் தேட்டம் இல்லையா இந்தப் பிள்ளைக்கு?

லிங்கேஸ்வரன் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பியூஸ் பெட்டியைத் திறந்தான். விரலை விட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

“அண்ணே, இங்கன ஒரு பியூஸ் இருக்கணும். எரிஞ்சிருந்தாலும் எரிஞ்ச பியூஸாவது இருக்கணும்ல? எடமே காலியா கெடக்கு.”

ஒச்சாண்டி ரோட்டில் போன லாரியைப் பார்த்தார். அது போன பிறகும் ரோட்டையே பார்த்தார். பிறகு வேட்டி மடிப்பைப் பிரித்து, நகத்தளவு பியூஸை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“போன வருசம் நீ மாத்துனப்ப பக்கத்துல நின்னேன்ல. அப்பப் பாத்து வச்சதுதான்.”

லிங்கேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

“ஆறு நாளுப்பா. ஆறே நாளு,” என்றார் ஒச்சாண்டி. “லோடு எறக்கிட்டு வந்து கெடந்தா, வேர்வ நாத்தத்தோடயே என் நெஞ்சுமேல படுத்துத் தூங்குறான் அந்தப் பேரப்பய. கல்யாணமாகி மூணு வருசத்துல பிரசவத்துக்கு முன்னாடி ரெண்டே தடவதான் வந்துச்சு எம்மக. இனி எப்ப விடுவாகளோ.”

“அப்ப ஒண்ணு செய்யி. பியூஸ மடியிலயே வச்சுக்க. சாமான் மதுரையில இருந்து வரணும்னு நான் சொல்லிர்றேன்.”

ஆசையாகத்தான் இருந்தது. ஒச்சாண்டி கொஞ்ச நேரம் பியூஸையே பார்த்தார்.

“வேணாம்ப்பா. அதுக்குப் போகணும்னு துடிப்பா இருக்கு. நிமிசத்துக்கொரு தரம் கேக்குது. மனசில்லாதவள மறிச்சு வச்சு நான் என்னத்தக் கண்டேன்? மாட்டி விடு.”

லிங்கேஸ்வரன் பியூஸை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்தான். ஸ்டியரிங் இளகவில்லை. மீட்டருக்குள் எரிந்த ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கும் அணையவில்லை.

“இன்னும் ஏதோ இருக்கே,” என்று ஸ்கேனரைச் சொருகினான். “சென்சார்ல இருந்து சிக்னலே வரல.”

மல்லாந்து படுத்து, டார்ச்சோடு பெடலுக்கு மேலே தலையை நுழைத்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“யோவ் அண்ணே, பியூஸு பத்தாதுன்னு பிளக்க வேற கழட்டி விட்டியா?”

“எந்தப் பிளக்கு?”

“ஸ்டியரிங் தண்டுல மாட்டியிருக்குற வயரு. தனியா தொங்குது.”

“எம்புள்ள மேல சத்தியமா நான் இல்ல. பியூஸத் தவர எனக்கு ஒரு எழவும் தெரியாது. எலி கிலி இழுத்திருக்குமோ?”

“எலி கடிக்கும்ணே. லாக்க அமுக்கிக் கழட்டாது.”

“அப்ப போன மாசம் வீட்டுல எம்மக டார்ச்சு புடிக்க ஹாரன் வேல பாத்தப்ப நீதான் ஒழுங்கா மாட்டாம விட்டிருப்ப. இப்ப என்னயச் சொல்ற.”

“ஆமா, ஒரு மாசமா ஓடுன வண்டி இன்னைக்குப் பாத்து நிக்குமாக்கும்,” என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் பிளக்கை அழுத்தினான். டக்கென்று உட்கார்ந்தது. விளக்கு அணைந்தது. ஒற்றை விரலால் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிக் காட்டினான்.

மணி ஒன்பது ஐம்பது. வீடு போய்ச் சேரப் பத்து நிமிடம் போதும். ஒச்சாண்டி சாவியை வாங்கியும் வண்டியில் ஏறாமல் நின்றார்.

போன் மறுபடி அடித்தது. அவரே முந்திக்கொண்டார்.

“சரியாயிருச்சு தாயி. இனி ஒண்ணுமில்ல. பத்தரைக்கு முன்னாடியே கெளம்பிரலாம். புள்ளைக்குக் குல்லாயப் போட்டு வைய்யி.”

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தார்.

“ஏம்ப்பா,” என்றாள் யுவராணி. “அந்தப் பிளக்கையுமா கண்டுபிடிச்சிட்டாக?”