ஒரு பெட்டித் தோட்டா

"யோவ் நடுவரே! அவ என் பொண்ணோட கையைப் பிடிச்சு இழுக்குறா, கண்ணு தெரியலையா?"

கடைக்காரர் போட்ட சத்தத்தில் கண்ணாடித் தடுப்பே அதிர்ந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம், துப்பாக்கி சுடும் போட்டியின் கடைசிச் சுற்று. முதலிடத்துக்கு மல்லுக்கட்டியது இரண்டே பேர். ஒருத்தி கடைக்காரரின் மகள், இன்னொருத்தி டெய்லரம்மாவின் மகள். மாநில அணியில் காலியாக இருந்ததோ ஒரே ஓர் இடம்.

இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் குப்புறப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று டெய்லரம்மாவின் மகள் தன் துப்பாக்கியைக் கீழே வைத்தாள். பக்கத்துப் பாய்க்குத் தாவினாள். விசையைத் தொடப்போன அந்தப் பெண்ணின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

விசில் பறந்தது. போட்டி நின்றது.

"பொறாமைங்க, வேற என்ன!" கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஒசத்தித் தோட்டா வச்சுக்கிட்டும் என் பொண்ணை முந்த முடியல. வயித்தெரிச்சல்! இவளைப் போட்டியை விட்டே தூக்கணும்."

டெய்லரம்மாவுக்கு மானம் போனது. காலையில்தான் அரங்கத்து வாசலில் வைத்து இந்த மனிதரோடு வாய் கொடுத்திருந்தாள்.

துப்பாக்கியும் தோட்டாவும் விற்கிறவர் அவர். "வெளிநாட்டுச் சரக்கு டெய்லரம்மா, பாதி விலைதான். நீங்க வெறும் பேருக்குக் காசைக் கொட்டுறீங்க. ஈயம் ஈயந்தான், வெடிமருந்து வெடிமருந்துதான். நம்பிக்கை இல்லேன்னா பாருங்க, என் பொண்ணே இதைத்தான் சுடுறா!"

"மட்டமான நூல்ல தெச்ச சட்டையும் பார்க்க நல்லாத்தான் இருக்கும்ணே. எந்தத் தையல் எப்ப விடும்னுதான் தெரியாது. என் வயித்தைக் கட்டினாலும் கட்டுவேன், என் பொண்ணு தோட்டாவுல மிச்சம் பிடிக்க மாட்டேன்."

அப்படி நெஞ்சை நிமிர்த்திப் பேசியவள் இப்போது தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டா?" என்று கிசுகிசுத்தான் அவள் தம்பி.

"நானே நொந்து போயிருக்கேன். பேசாம இருடா."

நடுவர் வெளியே வந்தார். ஒரு கையில் நீளமான கம்பி. இன்னொரு உள்ளங்கையில் சின்னதாய் ஓர் ஈயக்குண்டு.

"இது உங்க பொண்ணோட துப்பாக்கிக் குழல்ல மாட்டிக்கிட்டிருந்தது சார்" என்றார் கடைக்காரரிடம். "தோட்டாவுல மருந்து போதலை. குண்டு பாதி வழியில நின்னுடுச்சு. குறி தப்பிடுச்சுன்னு நினைச்சு, உங்க பொண்ணு அடுத்த தோட்டாவையும் போட்டுட்டா. விசையை மட்டும் அழுத்தியிருந்தா குழல் வெடிச்சிருக்கலாம். கன்னத்தை அதுல வச்சுத்தானே படுத்திருந்தா?"

கடைக்காரரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"சத்தம் புஸ்ஸுன்னு போனதைப் பக்கத்துப் பாய்ப் பொண்ணு கவனிச்சிருக்கா. கத்திப் பார்த்திருக்கா. உங்க பொண்ணு காதை அடைச்சிருந்ததால கேட்கலை. அதான் தாவிப் பிடிச்சிட்டா."

கடைக்காரர் பொத்தென்று உட்கார்ந்தார். "நானே எத்தனையோ பெட்டி சுட்டுப் பார்த்தேனே சார். ஒண்ணுகூட இப்படி ஆகலையே!"

"மலிவா இருக்கறதெல்லாம் மோசம்னு நான் சொல்லலை. இப்படி ஒண்ணு வந்தா போதாதா?" என்றார் நடுவர்.

டெய்லரம்மா நிமிர்ந்தாள். சும்மா இல்லை, பின்வரிசைக்கும் தெரிகிற மாதிரி நிமிர்ந்தாள்.

"என் பொண்ணுங்க!" என்றாள், முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைக்காரரிடம். "அடுத்தவங்களுக்கு ஒண்ணுன்னா பார்த்துக்கிட்டு நிக்க மாட்டா. குணத்துல அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கா."



நடுவர் குரலை உயர்த்தினார். "குழல்ல பழுது இல்லை. ஆனா அந்தப் பெட்டித் தோட்டாவை இனிமே சுட விடமாட்டோம். வேற தோட்டா கிடைச்சா இவர் பொண்ணு தொடரலாம். கிடைக்கலேன்னா விலகித்தான் ஆகணும். யார்கிட்டயாவது இருக்கா?"

கடைக்காரரிடம் இருந்ததெல்லாம் அதே சரக்கு. பேசின பேச்சுக்கு, யாரையும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

டெய்லரம்மாவின் கைப்பையில் பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தது.

தம்பி அவள் காதருகே குனிந்தான். "அக்கா, வாயைத் திறக்காதே. அவ விலகிட்டா அணியில நம்ம பொண்ணுதான். உயிரையே காப்பாத்திக் கொடுத்தாச்சு. அதுக்கு மேலயும் நாம என்ன செய்யணும்?"

அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. இத்தனை வருஷம் மகள் பட்ட பாடு அவளுக்கல்லவா தெரியும்? பழம் நழுவிப் பாலில் விழுகிற நேரத்தில் யாராவது கையை நீட்டித் தட்டிவிடுவார்களா?

பையை மடிக்கு இழுத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் இல்லையா?" நடுவர் மறுபடி கேட்டார்.

டெய்லரம்மா கண்ணாடியைப் பார்த்தாள், மேற்கூரையைப் பார்த்தாள், கடைக்காரரை மட்டும் பார்க்கவில்லை.

நடுவர் வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டினார். "கையைப் பிடிச்சுத் தடுத்த பொண்ணோட அம்மா யாருங்க?"

"நான்தாங்க" என்றாள், ஈனக் குரலில்.

"நீங்கதானா? கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. தன்கிட்ட மிச்சமிருந்ததுல பாதியை உங்க பொண்ணு அப்பவே அவளுக்குக் கொடுத்துட்டா. ஆனா ரெண்டு பேருக்கும் அது பத்தாது. அதான் என்னை இங்கே அனுப்பினா. எவ்வளவு பெருமையாச் சொன்னா தெரியுமா? 'வெளியே எங்கம்மாகிட்ட ஒரு பெட்டி இருக்கு. நீங்க கேட்கக்கூட வேணாம் சார், விஷயத்தைச் சொன்னாலே போதும். எங்கம்மா எடுத்து நீட்டிடுவாங்க!'"