இருநூற்று நான்கு

மூன்று வருடமாகத் துப்பட்டாவுக்குள்ளேயே இருந்த இடது கையால் பேச்சித்தாய் விடைத்தாளை நீட்டினாள்.

"எழுபதுக்கு அறுபத்தொன்பது. இன்னும் என்னட்டி வேணும்?" என்றார் உயிரியல் ஆசிரியை ஜெசிந்தா.

"அந்த ஒண்ணு, டீச்சர்."

எத்தனை எலும்புகள் என்ற கேள்விக்கு அவள் எழுதியிருந்த இருநூற்று நான்கை, சிவப்பு மை அடித்து இருநூற்று ஆறு ஆக்கியிருந்தது.

"கேள்வியில 'உன் உடலில்'னு போட்டிருக்கீங்க. எனக்கு இவ்வளவுதான்."

டீச்சரின் கண் சுண்டுவிரல் இல்லாத இடத்துக்குப் போய், உடனே விலகியது. எல்லோருடைய கண்ணும் அப்படித்தான் விலகும்.

"சரி, உன் வழிக்கே வாரேன். ஒரு விரலுக்கு மூணு எலும்பு. மூணு போனா இருநூத்தி மூணு. அப்பவும் தப்புதான்."

"மூணு போகல டீச்சர்." பேச்சித்தாய் சிவப்புப் பேனாவுக்குப் பக்கத்தில் கையை விரித்து வைத்தாள். "அடிக்கணுவுல ஒரு துண்டு உள்ள இருக்கு. துண்டுன்னாலும் எலும்புதான். பார்த்தாத் தெரியாது, தொட்டுப் பாருங்க."

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. அவள் கையை எடுக்கவில்லை.

டீச்சர் பேனாவை மூடிவைத்தார். பிறகு, சூடு பார்ப்பவர்போல ஒற்றை விரலை நீட்டினார்.