ஒரே பெட்டியில் இரண்டு சி

காலை ஒன்பது ஐம்பது. அருப்புக்கோட்டை கம்ப்யூட்டர் சென்டரில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். பத்து மணிக்குச் செய்முறைத் தேர்வு. இவாஞ்சலின் சி மொழியின் பழைய பதிப்பில் எழுதிய புரோகிராம் திரை முழுக்கப் பிழை காட்டுகிறது. நேற்று கம்ப்யூட்டரில் சியின் புதிய பதிப்பை ஏற்றியவள் தோழி சுபலட்சுமி. “பழச அழிச்சிட்டியாடி, பாவி?” “ரெண்டும் உள்ளதான் இருக்கு. கம்ப்யூட்டர் தேடுற லிஸ்ட்ல எது பேரு முன்னாடி இருக்கோ அதுதான் எந்திரிச்சு வரும்.” சுபலட்சுமி நின்றபடியே குனிந்து இரண்டு பெயர்களையும் இடம் மாற்றித் தட்டுகிறாள். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுகிறது. பச்சை எழுத்தில் விடை ஓடி வருகிறது. கைதட்டிச் சிரிக்கும் இவாஞ்சலினின் மடியிலிருந்து கம்ப்யூட்டரின் பூப்போட்ட துணி உறை நழுவுகிறது. வாசலில் தேர்வாளர் செருப்பைக் கழற்றுகிறார்.

“ஏ சுபா, பரீட்சைல மொத நம்பர் உன்னோடதுல்ல? நீ புதுசுலதான எழுதிருக்க?”